கல் என்று சொல்லி வைத்தாள்

அவ்வளவுதானா என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கம் பிறகுதான் வந்தது, கோபம் அதற்கும் பிறகு… ஸ்ட்ரெச்சர் போன கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, கமலாட்சி வெளியே இரும்பு நாற்காலியில் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து, அவ்வளவுதானா, அவ்வளவுதானா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டி இல்லை. மாமனாரைக் கொண்டுபோன அந்தக் குடல் புற்று இல்லை. ‘உள்ள ஒரு பொருள் மாட்டிக்கிச்சு கமலா, நானேதான் வெச்சேன்’ என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார் குமாரசாமி, அவள் புருஷன், இத்தனை வருஷமாகியும் அவள் எதிரில் சட்டையைக்கூடத் திரும்பி நின்று மாற்றுகிற மனிதர். உள்ளே என்றால் எங்கே, எதையாவது விழுங்கிவிட்டாரா, பல் செட்டா என்று ஓடியது புத்தி, அவருக்கு ஏது பல் செட்டு… ‘பின்னாடி’ என்றார். பின்னாடி என்றால்? டாக்டர் காயத்ரிதான், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள். ஆசனவாய் வழியா உள்ள வெச்ச சாதனம்மா, சுகத்துக்காகன்னே விக்கிறாங்க, அடியில தடுப்பு இல்லாததால மேல ஏறிடுச்சு, மயக்கம் கொடுத்து எடுத்துடலாம். மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்ட குழந்தையைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருந்தது. படத்தில் இடுப்பெலும்புக்கு நடுவே வழவழப்பாக ஒரு நிழல், விரலைவிட நீளம், பார்க்க அழகாகக்கூட இருந்தது… சே, என்ன நினைப்பு இது.

ஆடி மாதத்திலிருந்து அவள் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாளே, அது இந்த மனுஷனுக்குத் தெரியுமா. பாத்ரூமில் ஷாம்பு பாட்டிலுக்குப் பின்னால் ஒரு களிம்பு ட்யூப் இருந்தது, எடுத்துப் படித்தாள், மூலத்துக்குப் போடுவது, வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்வது. ஏங்க, உங்களுக்கு மூலமா என்று கேட்டதற்கு, சூடுதான், கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்துக்கினு இருக்கறதுல, என்றார். மாமனாரும் சூடு என்றுதான் சொன்னார். சூடு சூடு என்று மோரும் வெந்தயமும் குடித்து, ரத்தம் போவதை மறைத்து மறைத்து, கடைசியில் சென்னைக்குக் கொண்டுபோனபோது வயிறு முழுக்கப் பரவிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பனுக்கு வந்தது பிள்ளைக்கும் வரும் என்று துக்கம் கேட்க வந்த யாரோ சொன்னது காதிலேயே தங்கிவிட்டது. அதன் பிறகு பாத்ரூம் கதவு நேரங்கழித்துத் திறந்தால் இவள் அவர் முகத்தையே பார்ப்பாள். காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் முகூர்த்தக் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து புடவைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருப்பாள், மாம்பழ மஞ்சள்ல அரக்கு பார்டர் எடும்மா என்று யாராவது கேட்பார்கள், கை எடுக்கும், மனசு மட்டும் இவர் போய்விட்டால் மகள் சத்யப்ரியாவின் படிப்பு என்னாவது, தனியாக அந்த வீட்டில் எப்படி என்று ஓடும்… கல்யாணப் பெண்ணின் தோளில் புடவையைப் போட்டுக் கண்ணாடி காட்டும்போது கண்ணீர் வந்து, தூசு என்று சொல்லித் துடைத்துக்கொண்டதுண்டு. குமரக்கோட்டத்து முருகனிடம் போய், என்ன நோயாக இருந்தாலும் ஆரம்பத்திலேயே காட்டிக் கொடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டாள். காட்டிக் கொடுத்துவிட்டான். இப்படியா காட்டிக் கொடுப்பான்? சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், எதிரில் இருந்த அம்மாள் அவள் அழுகிறாள் என்று நினைத்து இரக்கத்தோடு பார்த்தாள்.

நேற்று மத்தியானம் நடந்திருக்கிறது. இவள் கடையில் இருந்தபோது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாழைப்பழத் தோல் குப்பையாகக் கிடந்தது, விளக்கெண்ணெய் பாட்டில் மேடையில் திறந்தபடி இருந்தது, என்னங்க இது என்றாள், வயிறு சரியில்ல என்றார். சாப்பிடவில்லை. உட்காரவும் இல்லை, நின்றுகொண்டே டிவி பார்த்தார். அதையெல்லாம் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, எப்படிப் புரியும், விளக்கெண்ணெய் குடித்த மனிதனைப் பார்த்து இப்படியொன்றை யாராவது நினைப்பார்களா. காலையில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஆரம்பித்தபோது கண்விழித்துப் பார்த்தால், அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பனியனெல்லாம் வேர்வை. ஹார்ட்டுதான் என்று அவள் அலறினாள். ஹார்ட் இல்ல என்றார். அப்ப என்னா சொல்லுங்க என்றாள். ஆட்டோவைக் கூப்பிட்டாள், ஏறும்போது, ‘இங்க வேணாம் கமலா, செங்கல்பட்டுக்குப் போயிடலாம்’ என்றார். பிள்ளையார்பாளையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கும்போது செங்கல்பட்டு எதற்கு? இங்கேயே விடுங்க என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டாள். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்றார், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, சார் குந்திக்கினு வா சார் என்றார். இப்போது நினைத்தால்… அந்தப் பார்சல், அதையும் அவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள், கூரியர்க்காரப் பையனிடம் பேரைச் சொல்லி வாங்கி மேஜைமேல் வைத்தாள், என்னங்க இது என்றதற்கு மவுஸ் என்றார். கம்ப்யூட்டர் மவுஸ். புடவை பார்டருக்கு டிசைன் போடுகிறவருக்கு மவுஸ் வராமல் வேறென்ன வரும். மவுஸ் புதுசா நல்லா இருக்குதா என்று வேறு மறுநாள் கேட்டாள். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது, ஞாபகமில்லை, பார்த்திருந்தால்தானே.

“இன்னாமா கமலாட்சி, இங்க உக்காந்துக்கினு இருக்கற?” தலைக்கு மேல் குரல். நிமிர்ந்தால் பரமசிவம், இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர், சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுக் கட்ட வந்திருக்கிறார், காலில் துணி, கையில் மருந்துப் பை. தெருவில் ஒரு சேதி பரவ வேண்டுமென்றால் இவரிடம் சொன்னால் போதும், யாரிடமும் சொல்லாதீங்க என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் சீக்கிரம் பரவும். குமாரசாமிக்கா? என்னாச்சு? எந்த டாக்டரு? வாயில் என்ன வந்தது என்று அவளுக்கே தெரியாது, “கல்லுண்ணா” என்றாள், “கிட்னியில கல்லு.” ஐயோ, அது பிரசவ வலியாச்சே என்றார் பரமசிவம், பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார், வாழைத்தண்டு சாறு குடும்மா, வெறும் வயித்துல, எங்க மச்சானுக்கு அதுலதான் தானா வந்துடுச்சு. தானா வந்துடுச்சு என்ற வார்த்தையில் அவளுக்கு மறுபடியும் உள்ளேயிருந்து சிரிப்பு கிளம்பியது, அடக்கினாள், கண்ணில் நீர் வந்தது, பரமசிவம் பதறி, அழாதமா, பெரிய டாக்டரம்மா, கை ராசி, என்றார். நல்ல மனுஷர்தான். கட்டுக் கட்டக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். கல் என்று சொல்லிவிட்டோம், இனிமேல் அது கல்தான், எத்தனை பேருக்கு இந்தக் கல்லைச் சொல்ல வேண்டியிருக்குமோ…

அவர் போன பிறகுதான் கோபம் ஏறியது. எதுக்கு இது? நான் இல்லையா? நான் எதில் குறைந்துவிட்டேன்? சத்யப்ரியா ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீடு காலியாகத்தானே இருக்கிறது, கதவைச் சாத்தினால் யார் கேட்கப் போகிறார்கள், ஆனால் அவர் கேட்டதில்லை, இவள் கேட்டதில்லை, மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள், விளக்கை அணைத்துவிட்டு, அதுவும் ஒரு வேலையை முடிக்கிற மாதிரி… அதற்கும் பின்னால், இன்னும் ஆழத்திலிருந்து, இன்னொன்று தலையைத் தூக்கியது. ஆம்பளைக்கு அங்கே என்ன சுகம்? அதெல்லாம் ஆம்பளையை விரும்புகிற ஆம்பளைகள் செய்வதல்லவா? அப்படியென்றால் இவர்… கலைவாணன் முகம் வந்தது. கூட வேலை செய்கிறவர், தறிக்கான டிசைன் அட்டை வாங்க வருவார், வந்தால் டீ குடிக்காமல் போகமாட்டார், இரண்டு பேரும் மேலே மொட்டை மாடியில் நின்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். என்ன பேசினார்கள்? ஒரு தடவை இவள் டீ கொண்டுபோனபோது பேச்சை நிறுத்தினார்களே. நிறுத்தினார்களா, இல்லை டீயைப் பார்த்துச் சும்மா இருந்தார்களா? கலைவாணனுடைய பெண்டாட்டிக்கு இப்படி ஏதாவது சந்தேகம் உண்டா, அவளிடம் எப்படிக் கேட்பது, ஏங்க உங்க வீட்டுக்கு மவுஸ் பார்சல் வந்துச்சா என்றா… ஒரு பழைய வாழ்க்கையையே மொத்தமாகத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்துப் பிசிறையெல்லாம் பார்ப்பது போல இருந்தது, எங்கே பார்த்தாலும் ஒரு அறுந்த இழை தெரிந்தது. பெண் பார்க்க வந்த அன்று வாலாஜாபாத்தில், இவள் பிறந்த வீட்டில், அவர் தலை நிமிரவே இல்லை, கூச்சம் என்றார்கள். கூச்சம்தானா?

நர்ஸ் வந்து ஒரு தாளை நீட்டினாள், இதுல கையெழுத்துப் போடுங்கம்மா. எதுக்கு என்றாள். கீழ் வழியாவே எடுத்துருவாங்க, ஒருவேளை வரலன்னா, இல்ல உள்ள குடல்ல ஓட்டை எதுனா இருந்தா, வயித்தைத் திறக்கணும், அதுக்குத்தான் முன்னாடியே வாங்கி வெச்சுக்கறது. ஓட்டை. குடலில் ஓட்டை. கோபம், கலைவாணன், மவுஸ் எல்லாம் ஒரே நொடியில் எங்கேயோ போய்விட்டன. அவள் கையெழுத்து அவளுடையது போலவே இல்லை, கோணிக்கொண்டு போயிற்று. விளக்கெண்ணெய் குடித்தாரே, அது உள்ளே தள்ளியிருக்குமா? ராத்திரி பாத்ரூமிலிருந்து ஒரு முனகல் கேட்டது, எதையோ விட்டு எடுக்கப் பார்த்திருப்பாரோ, சமையலறையில் இடுக்கியைக் காணோம் என்று தேடினாளே… கடவுளே. யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், எதை வேண்டுமானாலும் விரும்பட்டும், திரும்பி வந்தால் போதும். இந்த நினைப்பு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்துவிட்டோமா என்று. நேற்றிலிருந்து அந்த வலியோடு நின்றிருக்கிறார், பக்கத்திலேயே இவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள், சொல்லத் தோன்றவில்லை அவருக்கு. சாவது பரவாயில்லை, சொல்வதுதான் கஷ்டம் என்று இருந்திருக்கிறது. அப்படி ஒரு பெண்டாட்டியாகவா இருந்தோம்?

போன் அடித்தது. மாமியார் லோகாம்பாள். முசரவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள், அங்கேயிருந்து. “என்னாடி இது, எம்புள்ளைக்குக் கல்லாமே? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?” பரமசிவத்துக்குக் கட்டு இன்னும் முடிந்திருக்காது. “இப்பதான் அத்தை தெரியும். சின்னக் கல்லுதான்.” எத்தினி பெருசு என்று கேட்டாள் மாமியார். கமலாட்சி எக்ஸ்ரேயை நினைத்துக்கொண்டு, “பாத்துச் சொல்றேன் அத்தை” என்றாள். எல்லாம் தண்ணி குடிக்காம மிஷின் முன்னாடியே குந்திக்கினு இருந்தா இப்படித்தான், நீ சொல்லக் கூடாதா, அவன் சின்ன வயசுலயே அப்படித்தான், எதையும் வாயத் திறந்து கேக்க மாட்டான், பசிச்சாக்கூட அடுப்பாண்ட வந்து நிப்பான், அவ்ளோதான்… மாமியார் பேசிக்கொண்டே போனாள். கமலாட்சி உம் கொட்டினாள். அடுப்பாண்ட வந்து நிப்பான். போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை.

கதவு திறந்தது. டாக்டர் காயத்ரி தலையிலிருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தாள், முகத்தில் என்ன இருக்கிறது என்று கமலாட்சி எழுந்து நின்று பார்த்தாள், களைப்பு இருந்தது, வேறொன்றும் இல்லை. “எடுத்தாச்சும்மா. வயித்தைத் திறக்கல. உள்ள கேமரா விட்டுப் பார்த்துட்டேன், லேசா சிராய்ப்பு, ஓட்டை கிழிசல் எதுவும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு அனுப்பிடலாம்.” அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு எங்கேயோ அடிவயிறு வரை போய்விட்டு வந்தது, ஆடி மாதத்திலிருந்து அவ்வளவு தூரம் போகாத மூச்சு. “புத்து எதுனா…?” என்றாள், அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. டாக்டர் புரியாமல் பார்த்தாள், பிறகு மாமனார் கதையைக் கேட்டுவிட்டு, நான் பார்த்த வரைக்கும் சந்தேகப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல, ஆனா அப்பாவுக்கு இருந்ததால முழுசா ஒரு குடல் பரிசோதனை எப்படியும் பண்ணிக்கணும், அது தனி விஷயம், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, என்றாள். “உள்ள வாங்க. அவர்கிட்ட கேட்டுட்டேன், உங்ககிட்ட எல்லாம் பேசலாம்னு சொன்னார். அவரால சொல்ல முடியாதாம்.”

டாக்டர் அறையில் மின்விசிறி சத்தம் மட்டும். என்னிடம் என்ன பேசப் போகிறாள், திட்டுவாளா, ஒழுங்கா இருக்கச் சொல்லும்மா உன் புருஷனை என்பாளா… டாக்டர் முதலில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். இது நான் பார்க்கிற முதல் ஆள் இல்லம்மா, வயசானவங்க, சின்னவங்க, பொம்பளைங்ககூட வந்திருக்காங்க, பாட்டில், பல்பு, கேரட்டுன்னு கையில கிடைச்சதை வெச்சுக்கிட்டு வருவாங்க, அதுக்கு இவர் எவ்வளவோ மேல். “செஞ்சது தப்பில்ல. செஞ்ச விதம்தான் தப்பு” என்றாள். கமலாட்சிக்குத் தலை நிமிரவில்லை, மேஜை விளிம்பில் விரலால் கோடு போட்டுக்கொண்டே, “அப்ப அவரு… ஆம்பளைங்கள…” என்று இழுத்தாள், முடிக்க முடியவில்லை. டாக்டர் முடித்துவிட்டாள். “ஆம்பளைங்களை விரும்புறவரான்னு கேக்குறீங்களா? அது அவருதான் சொல்லணும், இதை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது. அப்படி இருக்கிறது நோயும் இல்ல. ஆனா ஆம்பளை உடம்புல அந்த இடத்துக்குப் பக்கத்துல ஒரு சுரப்பி இருக்கு, நரம்பு நிறைய, அங்க பட்டா சில பேருக்கு சுகமா இருக்கும். யாரை விரும்புறாங்கங்கிறது வேற, எங்க சுகமா இருக்குங்கிறது வேற.” வேறயா. இரண்டும் வேறு வேறா. இவ்வளவு சின்ன வாக்கியத்துக்குள் அந்தக் கலைவாணன் எழுந்து, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார் போலிருந்தது, பாவம், அவர் என்ன செய்தார்.

பிறகு கேள்விகள் தானாக வந்தன, ஒன்று கேட்டால் அடுத்தது. விளக்கெண்ணெய் குடிச்சாரே? அதைத்தான் செய்யக் கூடாது, பேதி மருந்து, எனிமா, விரல் விட்டு நோண்டுறது, இடுக்கி, கம்பி எதுவும் கூடாது, இன்னும் மேல தள்ளும், இல்லன்னா கிழிக்கும், தானா வந்துரும்னு காத்துக்கிட்டும் இருக்கக் கூடாது, வெக்கத்தை விட்டுட்டு உடனே வந்துடணும், நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம். அது ஏன் டாக்டர் உள்ள போச்சு, சுகத்துக்குன்னே விக்கிறதுன்னு சொன்னீங்களே? பின்பக்கத்துக்குன்னு செஞ்சது இல்லம்மா, பொம்பளைங்க முன்பக்கத்துக்கு வெச்சுக்கிறது அது, அந்த இடத்துக்கு உள்ள ஒரு முடிவு உண்டு, இதுக்கு முடிவே இல்ல, மேல போயிட்டே இருக்கும், தசையே புடிச்சு உள்ள இழுத்துக்கும், அதனால பின்பக்கத்துக்குன்னு விக்கிறதுல அடி அகலமா இருக்கணும், தட்டு மாதிரி, அது இல்லாத எதையும் வைக்கக் கூடாது. கமலாட்சி தலையாட்டினாள், ஓடத்துக்குக் கயிறு கட்டாமல் விட்ட கதை. அப்ப அந்தக் களிம்பு? டாக்டர் முதல் தடவையாக முகம் சுளித்தாள். மரத்துப்போற மருந்து போட்டுக்கிட்டு இதைச் செய்யவே கூடாதும்மா, வலிங்கிறது நிறுத்துன்னு உடம்பு சொல்றது, அந்த வாயைக் கட்டிட்டா உள்ள கிழிஞ்சாக்கூடத் தெரியாது. வலிச்சா நிறுத்தணும், அவசரப்படக் கூடாது, அந்த இடத்துக்குத் தானா ஈரம் ஊறாது, அதனால வழுக்குறதுக்குன்னு விக்கிற ஜெல் தாராளமா போடணும். தேங்காயெண்ணெய் போட்டாராம், ஆணுறை மாட்டிட்டு எண்ணெய் போட்டா உறை பிஞ்சுடும். சோப்புத் தண்ணில கழுவணும், மலிவு பிளாஸ்டிக் வேணாம், அதுல அழுக்கு ஊறி நிக்கும், நல்ல சிலிக்கான் வாங்கணும், பின்னாடி பட்டது கழுவாம முன்னாடி படவே கூடாது, முக்கியமா பொம்பளைங்களுக்கு…

பொம்பளைங்களுக்கு. ஏன் அதை அவளைப் பார்த்துச் சொன்னாள்? சும்மா சொல்லியிருப்பாள். “அங்க தொளதொளன்னு ஆயிடாதா டாக்டர், அப்புறம்… அடக்க முடியாம?” இது யார் சொல்லி அவள் கேள்விப்பட்டது, நினைவில்லை, கடையில் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டின்போது சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வார்களே, அதில் ஒன்று. “அது தசைம்மா, விரியும், சுருங்கும், பொறுமையா பார்த்துச் செஞ்சா அப்படியே இருக்கும். முரட்டுத்தனமா கிழிச்சுக்கிட்டாத்தான் பிரச்சினை.” கடைசியாக, வீட்டுக்குப் போனப்புறம் காய்ச்சல், வயித்து வலி, ரத்தம் எது வந்தாலும் எந்த நேரமானாலும் கூட்டிட்டு வாங்க, புண்ணு ஆறுற வரைக்கும் எதுவும் வேணாம், என்றாள் டாக்டர். புண்ணு ஆறுற வரைக்கும். அப்படியென்றால் அதற்குப் பிறகு? டாக்டர் அதைச் சாதாரணமாக, மூணு நாளைக்குக் காரம் வேணாம் என்பது போலச் சொல்லிவிட்டு எழுந்தாள். கதவருகே கமலாட்சி நின்று, “கிட்னிக் கல்லுன்னு சொல்லிட்டேன் டாக்டர், தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட” என்றாள். டாக்டர் காயத்ரி சிரித்தாள், கண் இடுங்கிப்போகும் சிரிப்பு, இவ்வளவு சின்ன வயசுப் பெண்ணா இவள். “நான் எதுவும் சொல்லலம்மா. கல்லுன்னா கல்லு.”

வார்டில் அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கையில் ட்ரிப்ஸ், கண் மூடியிருந்தது, ஆனால் தூங்கவில்லை, தூங்கும்போது அவர் வாய் லேசாகத் திறந்திருக்கும், அது அவளுக்குத் தெரியும். இதுவாவது தெரிகிறதே. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன பேசுவது. திட்டலாம், திட்டுவதற்கு ஒரு உரிமை இருக்கிறது, ஆனால் திட்டு எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருந்தது, அந்த இடத்தில் வெறும் ஆசுவாசம்தான் இருந்தது, ஊறப்போட்ட துணி மாதிரி கனமாக, குளிர்ச்சியாக. உயிரோடு இருக்கிறார். வயிறு முழுசாக இருக்கிறது. குடல் இருக்கிறது. மாமனாருடைய நோய் இல்லை. “உங்கம்மா போன் பண்ணாங்க” என்றாள். கண் சட்டென்று திறந்தது, பயம், அப்பட்டமான பயம். “கல்லுன்னு சொல்லியிருக்கேன். எத்தினி பெருசுன்னு கேட்டாங்க.” அவர் அவளைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது, அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தால் சிரிக்கிறார், வலிக்க வலிக்கச் சிரிக்கிறார், அம்மா அம்மா என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவளும் சிரித்தாள், பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. கண்ணைத் துடைத்தபோது சிரிப்பும் அழுகையும் கலந்துதான் வந்திருந்தது.

“செத்துடலாம்னு இருந்துச்சு கமலா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு.” “நான்தான் செத்துக்கினு இருந்தேன், ஆடியிலேருந்து. களிம்பப் பாத்துட்டு, மாமாவுக்கு வந்ததுதான் உங்களுக்கும்னு.” அவர் முகம் மாறியது. இது அவருக்குத் தெரியாது, கொஞ்சம்கூடத் தெரியாது, அவருடைய ரகசியம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இவளை இப்படி அரித்துக்கொண்டிருந்தது என்று. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே களிம்பு ட்யூபைச் சுற்றி, வேறு வேறு பயத்தோடு நடமாடியிருக்கிறார்கள். அவர் கையை நீட்டினார், ட்ரிப்ஸ் ஊசி குத்தியிருந்த கை, அவள் விரல் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டாள். “உன்கிட்ட எந்தக் குறையும் இல்ல. நெட்டுல எதையோ படிச்சேன், எப்படித்தான் இருக்கும்னு ஒரு இது… அவ்ளோதான். இனிமே அந்தப் பக்கமே போமாட்டேன், சத்தியமா.” சத்தியம் எதுக்கு இப்ப என்றாள் அவள். பிறகு, தன் குரலா என்று சந்தேகப்படும்படி, “அடி அகலமா இருக்கணுமாம். டாக்டரு சொன்னாங்க” என்றாள். சொல்லிவிட்டு ட்ரிப்ஸ் பாட்டிலை அண்ணாந்து பார்த்தாள், சொட்டு ஒழுங்காக விழுகிறதா என்று.

ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது, யாரோ டீ, காபி என்று கூவிக்கொண்டு வராந்தாவில் நடந்தார்கள். வாங்கட்டுமா, குடிக்கலாமா இவர், நர்ஸைக் கேட்க வேண்டும், கடைக்குப் போன் பண்ணிச் சாயங்காலமும் வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும், சத்யப்ரியாவுக்கும் கல் கதையைச் சொல்லி வைக்க வேண்டும், பாட்டி சொல்வதற்கு முன்னால்… “கமலா” என்றார். ம் என்றாள். அவர் சுவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார், கஷ்டப்பட்டுப் பார்த்தார், கண் ஓரம் துடித்தது. “உனக்கு… உனக்கு எதுனா அந்த மாதிரி… இப்படி இருந்தா நல்லா இருக்கும்னு, எதுனா தோணியிருக்குதா? நான் கேட்டதே இல்ல.” கேட்டதே இல்லை, உண்மைதான். யாருமே கேட்டதில்லை. இப்படியொரு கேள்வி தன் பக்கம் திரும்பி நிற்கும் என்று அவள் நினைத்ததே இல்லை, முகம் சூடாயிற்று, காது மடல் வரை. ஆஸ்பத்திரியில வெச்சு கேக்குற கேள்வியா இது என்று சொல்ல வாயெடுத்தாள், வேறு ஏதோ வந்தது.

“யோசிச்சு சொல்றேன்” என்றாள்.

டீக்காரரைப் பிடிக்க எழுந்து வராந்தாவுக்கு நடந்தாள், கைப்பையில் சில்லறையைத் துழாவினாள், ஒரு டீ என்றாள், இல்லை, ஒரு நிமிஷம் இருப்பா, என்று நின்றாள். அவர் கேட்டதற்கு இல்லை என்று சொல்லியிருக்கலாமே. எனக்கென்ன, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்வதுதானே வழக்கம். ஏன் சொல்லவில்லை…